ஒரே டிக்கெட்டில் 5 காமெடி நாடகம்... தலைக்கு 10 நிமிஷம்! எடின்பரோ 'ஓரத்து' விழாவில் சிரிப்பும் செலவும்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவில் தெருவுக்குத் தெரு நாடகம்தான். மதுக்கடையின் பின்னறை, சர்ச் ஹால், காலேஜ் வகுப்பறை, நிலவறை... நாற்காலி போட இடம் இருந்தால் போதும், அன்றைக்கு அது அரங்கம்!

உலகத்திலேயே பெரிய நாடக விழா என்று பெயர் வாங்கிய 'எடின்பரோ பிரிஞ்ச்' விழாதான் இது. இதில் சாயங்கால நேரத்தில் கூட்டம் தேடிப் போகும் அயிட்டம் ஒன்று உண்டு. குட்டி காமெடி நாடகங்கள்! ஒரே டிக்கெட், ஒரு மணி நேரம், அதற்குள் அஞ்சாறு நாடகம். ஒவ்வொன்றும் பத்தே நிமிஷம். ஒன்று பிடிக்கலையா? கவலையே வேண்டாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அடுத்த நாடகம் வந்துடும்.

பார்க்கிறவருக்கு ஜாலிதான். ஆனால் நடிக்கிறவர்? விழா முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அவர் பையில் காசு மிஞ்சுதா, கடன் மிஞ்சுதா? அங்கேதான் விஷயமே இருக்கு. இந்த விழா எப்படி வந்தது, பத்து நிமிஷத்தில் எப்படி சிரிக்க வைக்கிறார்கள், அந்தச் சிரிப்புக்கு யார் செலவு பண்ணுகிறார்கள் என்று விவரமாகப் பார்ப்போம்.

கூப்பிடாமல் வந்த 8 குழுக்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து 2 வருஷம். பிரிட்டனில் ரொட்டிக்குக்கூட ரேஷன் இருந்த நேரம். நொந்து போன ஜனங்களுக்கு ஒரு தெம்பு வரட்டும் என்று 1947-ம் ஆண்டு எடின்பரோவில் சர்வதேச கலை விழா தொடங்கினார்கள். பெரிய இசைக் குழுக்கள், பெரிய நாடகக் கம்பெனிகள் எல்லாம் அழைப்பின் பேரில் வந்தன.

அழைப்பு இல்லாமலும் 8 நாடகக் குழுக்கள் வந்து இறங்கின! 'விழாவுக்கு வர்ற கூட்டம் நம்ம நாடகத்தையும் பார்க்கட்டுமே' என்று அவர்களாகவே இடம் பிடித்து, அவர்களாகவே டிக்கெட் விற்று நாடகம் போட்டார்கள். ஒரு நாடகம் ஊருக்குள்கூட நடக்கவில்லை. அகலமான போர்த் ஆற்று முகத்துக்கு அந்தப் பக்கம், டன்பெர்ம்லின் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் நடந்தது.

அந்த 8 குழுக்களில் ஒன்று 'கிளாஸ்கோ யூனிட்டி'. தொழிலாளர்கள் நடத்தி வந்த அமெச்சூர் நாடகக் குழுக்கள் 1941-ல் ஒன்றாகச் சேர்ந்து உருவாக்கிய கம்பெனி இது. பகலில் வேலை, ராத்திரி ஒத்திகை என்று வளர்ந்த கூட்டம். 1947-ல் இவர்கள் மேடை ஏற்றியது இரண்டு நாடகங்கள். ஒன்று, ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி ஏழை ஜனங்களைப் பற்றி எழுதியது. இன்னொன்று, ஸ்காட்லாந்து பேச்சுமொழியில் எழுதப்பட்ட காமெடி. ஆக, இந்த விழாவுக்கு அஸ்திவாரம் போட்டதில் உழைக்கும் ஜனங்களின் கையும் உண்டு, காமெடியின் பங்கும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

பெயர் வைத்தது ஒரு மாலைப் பத்திரிகை!

அடுத்த வருஷமும் அழைப்பில்லாத குழுக்கள் வந்தன. இந்தத் தடவை இன்னும் அதிகம். ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர் 1948 ஆகஸ்டில் 'எடின்பரோ ஈவினிங் நியூஸ்' என்ற மாலைப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். பெரிய விழாவின் ஓரத்தில் தனியார் குழுக்கள் பெருகி வருவதாக அதில் குறிப்பிட்டார். 'ஓரம்' என்பதற்கு அவர் போட்ட ஆங்கில வார்த்தைதான் 'பிரிஞ்ச்'. சேலைத் தலைப்பில் குஞ்சம் தொங்குது பாருங்க, அதற்கும் அந்த ஊரில் இதே பெயர்தான். அந்தப் பெயரே விழாவுக்கு ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா? துணியைவிட குஞ்சம் பெரிசாகிவிட்டது! 2019-ம் ஆண்டு கணக்குப்படி 3 ஆயிரத்து 841 நிகழ்ச்சிகள், 30 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள். எடின்பரோ நகரத்தின் மக்கள்தொகையே 5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கொரோனா காரணமாக 2020-ல் விழா ரத்தானது. அதன் பிறகு மெல்ல மெல்ல கூட்டம் திரும்பியது. 2024-ல் சுமார் 26 லட்சம் டிக்கெட்டுகள் விற்பனையாகின.

தேர்வுக் குழு கிடையாது

இந்த விழாவின் விசேஷமே இதுதான். பொதுவாக நாடக விழா என்றால் என்ன நடக்கும்? ஒரு குழு உட்காரும். நாடகத்தைப் படித்துப் பார்க்கும். 'இது சரி, அது சரியில்லை' என்று கழிக்கும். எடின்பரோவில் அந்தப் பேச்சே இல்லை.

1950-களின் கடைசியில் நாடகக் குழுக்கள் சேர்ந்து 'பிரிஞ்ச் சொசைட்டி' என்ற சங்கத்தை அமைத்தார்கள். டிக்கெட் விற்க ஒரு பொது இடம், எல்லா நாடகங்களின் பட்டியலோடு ஒரு புத்தகம், வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள்... இதெல்லாம் சங்கத்தின் வேலை. ஆனால் எந்த நாடகம் வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அப்படி ஒரு கொள்கையை அன்றைக்கே வைத்துக்கொண்டார்கள். இன்று வரைக்கும் அது மாறவில்லை.

பெரிய நடிகராக இருக்கலாம். முதல் தடவை மேடை ஏறுகிற காலேஜ் பையனாக இருக்கலாம். பஸ் டிரைவராகவும் இருக்கலாம். பதிவுக் கட்டணத்தைக் கட்டி, நாடகம் போட ஒரு இடத்தையும் பிடித்துவிட்டால் புத்தகத்தில் பெயர் வந்துவிடும். நீச்சல் குளத்திலும் நாடகம் நடந்திருக்கு, லிப்ட்டுக்குள்ளேயும் நடந்திருக்கு!

பத்து நிமிஷத்தில் என்ன நாடகம்?

'நாடகம்னா ரெண்டு, மூணு மணி நேரம் ஓட வேண்டாமா? பத்து நிமிஷத்துல என்னத்தை சொல்லிட முடியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

குட்டி நாடகத்துக்கு சில கணக்குகள் உண்டு. ஆட்கள் 2 அல்லது 3 பேர். இடம் ஒன்று. பிரச்சினையும் ஒன்றே ஒன்று. ஊர் விவரம், குடும்ப விவரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. திரை விலகும்போதே சண்டை பாதியில் இருக்கணும். முதல் நிமிஷத்தில் முதல் சிரிப்பு வந்துடணும். ஏழாவது நிமிஷத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம். பத்தாவது நிமிஷத்தில் விளக்கு அணையணும்.

இந்த வகைக்குப் பெரியண்ணன் என்று ரஷ்யாவின் ஆன்டன் செகாவைச் சொல்லலாம். டாக்டர் தொழில் பார்த்துக்கொண்டே கதை, நாடகம் எழுதியவர். 130 வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய ஒரு குட்டி காமெடி, பெண் கேட்கப் போனவனின் கதை. மாப்பிள்ளையாகப் போகிறவன் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறான். வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்வதற்குள், பேச்சுவாக்கில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு புல்வெளி பற்றிப் பேச்சு வருகிறது. 'அது எங்களுது', 'இல்லை, எங்களுது' என்று அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சண்டை. அது ஓய்ந்தால், யார் வீட்டு நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. மயங்கி விழுந்தவனை எழுப்பி, அவசர அவசரமாகக் கையைப் பிடித்துக் கொடுக்கிறார் பெண்ணின் அப்பா. கல்யாணம் முடிவான பிறகும் நாய்ச் சண்டை நிற்கவில்லை! பத்து நிமிஷத்தைவிட நீளமான நாடகம்தான். ஆனால் ஒரு அறை, மூணு பேர், ஒரு தகராறு என்ற கணக்கு அங்கேயே இருக்கு. வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்த நாடகத்தை விளக்கவே தேவையில்லை.

அமெரிக்க நாடக ஆசிரியர் டேவிட் ஐவ்ஸ் 1988-ல் எழுதியது இன்னொரு விதம். ஒரு காபிக் கடை. தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பெண்ணிடம் ஒரு ஆண் பேச்சுக் கொடுக்கிறான். யாராவது ஒருவர் ஏடாகூடமாக ஒரு வார்த்தை விட்டால் உடனே மணி அடிக்கும். மணி அடித்ததும் பேசினது பேசாத மாதிரி, அந்த இடத்தில் இருந்து திரும்பவும் தொடங்குவார்கள். இப்படி மணி அடித்து அடித்து, கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விடுகிறது. செட்டு என்று பார்த்தால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மணி. அவ்வளவுதான் செலவு! காலேஜ் நாடகக் குழுக்கள் இதை விரும்பிப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடின்பரோவிலேயே இந்தக் குட்டி நாடகங்களைக் காலை டிபனோடு சேர்த்துக் கொடுத்த குழு ஒன்று உண்டு. பெயர் 'பைட் சைஸ்', அதாவது 'ஒரு வாய் அளவு'! 2006-ல் இருந்து பிரிஞ்ச் விழாவுக்கு வந்த இவர்கள், டிக்கெட் வாங்கினவர்களுக்கு காபி, ரொட்டி, ஸ்ட்ராபெரி பழம் எல்லாம் கொடுத்து பத்து பத்து நிமிஷ நாடகங்களாகப் போட்டுக் காட்டினார்கள். ஓட்டல் மாதிரி நாளுக்கு ஒரு 'மெனு'. இன்றைக்குப் பார்த்தவர் நாளைக்கு வந்தால் வேறு நாடகம்.

சாயங்காலம் எப்படி நடக்கும்?

மதியமே வேலை தொடங்கிவிடும். எடின்பரோ கோட்டையில் இருந்து கீழே இறங்கும் 'ராயல் மைல்' என்ற பழைய கடைவீதியில் நடிகர்களே நின்று நோட்டீஸ் கொடுப்பார்கள். ராத்திரி ராஜா வேஷம் போடுகிறவர் பகலில் கிரீடத்தோடு நின்று, 'சார், வாங்க சார், சாயங்காலம் ஆறரை மணிக்கு' என்று கூவிக்கொண்டிருப்பார். மழை பெய்தாலும் விட மாட்டார். ஆகஸ்டில்கூட மழைக்கும் குளிருக்கும் பஞ்சம் இல்லாத ஊர் அது.

அரங்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான். முந்தின குழு வெளியே போகும்போதே அடுத்த குழு மேஜை நாற்காலியோடு வாசலில் நிற்கும். இடையில் கிடைப்பது ஒரு கால் மணி நேரம். அதற்குள் பழைய சாமான்களைத் தூக்கி, புது சாமான்களைப் போட்டு, ஜனங்களை உட்கார வைக்கணும். உங்கள் நாடகம் 5 நிமிஷம் இழுத்தால் அடுத்தவன் நாடகம் தாமதமாகும். அதனால் நேரம் தாண்டினால் மேனேஜர் முறைப்பார்.

ஐந்து நாடகம் என்றால் ஐந்துக்கும் பெரும்பாலும் அதே நாலைந்து நடிகர்கள்தான். விளக்கு அணையும், பாட்டு ஒலிக்கும், அரை நிமிஷம்கூட ஆகாது. முதல் நாடகத்தில் போலீஸ்காரராக வந்தவர் தொப்பியைக் கழற்றி, கண்ணாடியை மாட்டி, இரண்டாவது நாடகத்தில் மாமியாராக வந்து நிற்பார். அந்த மாற்றத்தைப் பார்த்தே பாதிக் கூட்டம் சிரித்துவிடும்.

வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல அழுத்தமான நாடகம் ஒன்றை முதலில் வைப்பார்கள். ஜனங்கள் சிரிக்கப் பழகணும் இல்லையா? சுமாரானது, புதுசாகப் பரீட்சை பார்ப்பது எல்லாம் நடுவில். இருப்பதிலேயே பலமான நாடகம் கடைசியில். சிரித்த வாயோடு வெளியே போகிறவர்தான் நாளைக்கு நாலு பேரைக் கூட்டி வருவார்.

காமெடிக்கு இன்னொரு கஷ்டம், கூட்டம். சோக நாடகத்தை 6 பேர் பார்த்தால் 6 பேரும் அமைதியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். காமெடி நாடகத்தை 50 நாற்காலி உள்ள அறையில் 6 பேர் பார்த்தால்? ஒருவர் சிரிப்பதற்கு இன்னொருவர் சிரிக்கணும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் சிரிக்க வெட்கம் வந்துவிடும். அதனால் கூட்டம் குறைவான நாளில் எல்லோரையும் முன் வரிசையில் நெருக்கி உட்கார வைப்பார்கள். 'பிரிஞ்ச் நாடகத்துக்கு சராசரியாக வர்றது ஆறே பேர்' என்று நடிகர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வது உண்டு. பல நாள் அது கிண்டலாக மட்டும் இருப்பதில்லை.

இந்தப் பேனர் இல்லாத அறைகளில் இருந்து உலகப் புகழ் பெற்றவர்களும் இருக்கிறார்கள். 'மிஸ்டர் பீன்' ஆக நம்ம வீட்டுக் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்த ரோவன் அட்கின்சன், 1970-களில் ஆக்ஸ்போர்டு மாணவர் குழுவோடு இங்கே வந்து குட்டிக் குட்டி காமெடிக் காட்சிகளில் நடித்தவர்தான்.

கணக்கைப் பார்த்தால் கண்ணைக் கட்டும்

சரி, துட்டு விஷயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம்.

50 பேர் உட்காரும் அறை. டிக்கெட் 12 பவுண்டு. ஒரு பவுண்டு நம்ம காசுக்கு 100 ரூபாய்க்கு மேல். ஒரு சுமாரான நாளில் 20 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். வசூல் 240 பவுண்டு. அரங்கத்துக்கும் குழுவுக்கும் 40க்கு 60 என்று பங்கு பிரிப்பது அங்கே வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. அரங்கத்துக்கு 96 போனால் குழுவுக்கு 144. நடிகர்கள் 5 பேர், இயக்குனர் ஒருவர் என்று 6 பேர் பிரித்தால் தலைக்கு 24 பவுண்டு. மதுக்கடையில் ஒரு வேளை சாப்பாட்டுக்கும் ஒரு காபிக்கும் கொடுத்தால் பெரும்பகுதி போய்விடும்!

இதுவும் கையில் அப்படியே வராது. வரி, டிக்கெட் கமிஷன் கழிப்பார்கள். நோட்டீஸ், போஸ்டர் அச்சுக்கூலி தனி. விழாவில் சேரும் பதிவுக் கட்டணம் சில நூறு பவுண்டு, அது முன்கூட்டியே கட்டணும். சில அரங்கங்கள் 'கூட்டம் வந்தாலும் வராட்டியும் இவ்வளவு தந்துடணும்' என்று குறைந்தபட்சத் தொகை பேசிக்கொள்ளும். கூட்டம் வராத நாளில் நடிகர் கைக்காசில் இருந்துதான் அதைக் கட்டணும்.

இப்போது புரியுதா, குட்டி நாடகங்களை ஏன் ஒன்றாகச் சேர்த்துப் போடுகிறார்கள் என்று? ஷேர் ஆட்டோ கணக்குதான்! தனியாக ஒரு மணி நேர நாடகம் போட்டால் பதிவுக் கட்டணம், அரங்கச் செலவு, போஸ்டர் எல்லாம் ஒருத்தர் தலையில். ஐந்து பேர் எழுதிய ஐந்து குட்டி நாடகங்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் ஆக்கினால் செலவு ஐந்தாகப் பிரியும். நோட்டீஸ் கொடுக்கவும் ஐந்து பேர். ஒவ்வொருத்தருக்காகவும் வரும் நண்பர்கள் சேர்ந்தால் அறையும் கொஞ்சம் நிறையும். கையில் காசில்லாதவர்கள் கதவுக்குள் நுழையக் கண்டுபிடித்த வழி இது.

இன்னொரு வழி இலவச நாடகம். பீட்டர் பக்லி ஹில் என்ற காமெடி நடிகர் 1996-ல் 'ப்ரீ பிரிஞ்ச்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். நாடகக்காரர் இடத்துக்கு வாடகை தர வேண்டாம். பார்க்கிறவர் டிக்கெட் வாங்க வேண்டாம். மதுக்கடைக்காரருக்கு குடிக்க வருகிறவர்களால் வியாபாரம். நாடகம் முடிந்ததும் நடிகர் ஒரு வாளியோடு வாசலில் நிற்பார். பிடிச்சிருந்தால் முடிந்ததைப் போட்டுவிட்டுப் போகலாம். நம்ம ஊர் திருவிழாவில் வேடிக்கை காட்டிவிட்டுத் துண்டை விரிப்பது போலத்தான். இப்போது இந்த மாதிரி வாளி நாடகங்களே நூற்றுக்கணக்கில் நடக்கின்றன.

நாடகத்தைவிட வாடகை பெரிசு!

இவ்வளவு மிச்சம் பிடித்தாலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். தங்குமிடம்!

விழா நடப்பது சுமார் 25 நாள். அத்தனை நாளும் எங்காவது படுக்கணுமே? ஆகஸ்டில் எடின்பரோவில் அறை வாடகை ஏறுவது மாதிரி வேறு எப்போதும் ஏறாது. லட்சக்கணக்கில் ஜனங்கள் வரும்போது வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? 2025 ஆகஸ்டில் நிலைமை இன்னும் மோசம். அதே மாதத்தில் 'ஒயாசிஸ்' என்ற பிரபல பாட்டுக் குழு அங்குள்ள முர்ரேபீல்டு ஸ்டேடியத்தில் 3 நாள் கச்சேரி வைத்தது. ஓட்டல் வாடகை கிடுகிடுவென ஏற, நாடகக்காரர்கள் திண்டாடிப் போனார்கள்.

உள்ளூர்க்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. குடியிருக்க வேண்டிய வீடுகளை எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால், அந்த ஊரில் வேலை பார்க்கிறவன் எங்கே குடியிருப்பான்? இப்படிக் குறுகிய கால வாடகைக்கு விட லைசென்ஸ் கட்டாயம் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் வந்து, ஏற்கெனவே விட்டுவந்தவர்களுக்கும் 2023 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஊர்க்காரருக்கு வீடு வேண்டும், நடிகருக்கு மூணு வாரம் படுக்க மலிவான இடம் வேண்டும். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே அறையில் நாலைந்து பேர் நெருக்கிப் படுக்கிறார்கள். கிளாஸ்கோ போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி தினமும் ரயிலில் வந்து போகிறார்கள். சிலர் மூணு வாரம் என்பதை ஒரு வாரமாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். இன்னும் பலர் வருவதையே விட்டுவிடுகிறார்கள். 1947-ல் கிளாஸ்கோ தொழிலாளர்கள் கூப்பிடாமலே வந்து நின்ற விழா இது. இன்றைக்கு அதே மாதிரி ஆட்கள் வர நினைத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மூணு வாரம் லீவும், வாடகைக்கு முன்பணமும் இருந்தால்தான் வர முடியும். அப்பா அம்மா காசு கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது கஷ்டம் இல்லை. கூலி வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதுகிறவருக்கு?

மேடைக்குக் கீழே உழைக்கிறவர்கள்

நடிகர் மட்டும் இல்லை. டிக்கெட் கிழிப்பவர், மதுக்கடையில் பரிமாறுபவர், விளக்குப் போடுபவர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாதத்தில் வேலை பார்க்கிறார்கள். 'குறைந்த கூலி, நீண்ட நேரம், சில இடங்களில் சம்பளமே இல்லாமல் தொண்டர் என்ற பெயரில் வேலை' என்று குற்றம்சாட்டி, 2017-ல் தொழிற்சங்கக்காரர்கள் 'நியாயமான பிரிஞ்ச்' வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள்.

2022 ஆகஸ்டில் நடந்தது அந்த ஊருக்கே மறக்காது. சம்பள உயர்வு கேட்டு எடின்பரோ துப்புரவுத் தொழிலாளர்கள் 18-ந் தேதி முதல் சுமார் 12 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். திருவிழா உச்சத்தில் இருந்த நேரம். தொட்டிகள் நிரம்பி வழிந்தன. நாடக நோட்டீசுகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் நடைபாதையில் மலையாகக் குவிந்தன. லட்சம் பேர் சிரித்துவிட்டுப் போன பிறகு குப்பையை அள்ளுவது யார் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. பிறகு உயர்த்தி அறிவித்த சம்பளத்தை சங்கங்கள் ஏற்றுக்கொண்டன.

பத்து நிமிஷம் மாற்றிய தலையெழுத்து

இவ்வளவு கஷ்டம் இருந்தும் ஏன் வருகிறார்கள்? காரணம் இருக்கு.

லண்டனைச் சேர்ந்த நடிகை பீபி வாலர் பிரிட்ஜ். வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில், தோழி ஒருவர் நடத்திய நிகழ்ச்சிக்காக 10 நிமிஷம் தனியாக நின்று பேசி நடிக்க ஒரு துண்டு எழுதினார். சிரிப்பும் அழுகையும் கலந்த அந்தப் பத்து நிமிஷம் வளர்ந்து ஒரு மணி நேர நாடகம் ஆனது. 2013-ல் எடின்பரோ பிரிஞ்சில் 'பிளீபேக்' என்ற பெயரில் மேடை ஏறியது. 2016-ல் பி.பி.சி. டி.வி. தொடராக வந்தது. 2019-ல் அமெரிக்காவின் எம்மி விருதுகளை அள்ளியது.

அதே வாலர் பிரிட்ஜ் 2021-ல் பிரிஞ்ச் சொசைட்டியின் கவுரவத் தலைவர் ஆனார். கையில் காசில்லாத கலைஞர்களுக்கு உதவ ஒரு நிதியும் உருவானது. 2023-ல் 50 பேருக்குத் தலா 2 ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். அரசு உதவியும் சேர, 2024-ல் 180 பேருக்குத் தலா 2 ஆயிரத்து 500 பவுண்டு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நிகழ்ச்சிகள் 3 ஆயிரத்துக்கு மேல். உதவி கிடைத்தது 180 பேருக்கு. மீதிப் பேர் ஷேர் ஆட்டோவிலும் வாளியிலும்தான் வண்டி ஓட்டியாகணும்.

சென்னைக்கும் வந்த பத்து நிமிஷம்

எடின்பரோவுக்குப் போய்த்தான் பத்து நிமிஷ நாடகம் பார்க்கணும் என்று இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2002-ல் 'ஷார்ட் பிளஸ் ஸ்வீட்' என்ற பத்து நிமிஷ நாடக விழா தொடங்கியது. 2011-ல் அது சென்னைக்கும் வந்தது. வெவ்வேறு குழுக்களின் பத்து நிமிஷ நாடகங்களை ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்துப் போட்டார்கள். அங்கேயும் இதே கணக்குதான். மேடை ஒன்று, விளக்கு ஒன்று, செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்கள் பல பேர்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் சொந்தபந்தம் இருந்து, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு சில யோசனைகள்:

* தங்கும் இடத்தை மாதக்கணக்கில் முன்னாடியே பேசிவிடுங்கள். கிளாஸ்கோவில் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கே தங்கலாம். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எடின்பரோ வந்துவிடலாம்.

* பெரிய பேனர் வைத்தவரிடம் மட்டும் போகாதீர்கள். ராயல் மைலில் நோட்டீஸ் கொடுப்பவரிடம் 'என்ன கதை?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் விதத்திலேயே நாடகம் எப்படி என்று தெரிந்துவிடும்.

* ஆங்கிலம் முழுசாகப் புரியாதோ என்று பயப்படுகிறவர்களுக்கு குட்டி காமெடிதான் தோது. கதை சின்னது, நடிப்பு பெரிசு. ஒன்று புரியாவிட்டாலும் அடுத்தது புரியும்.

* முன் வரிசையில் உட்காருங்கள். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். உங்கள் சிரிப்பு நடிகருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் தயங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் தைரியம் கொடுக்கும்.

* இலவச நாடகம் என்றால் நிஜமாகவே இலவசம் என்று நினைத்து நழுவி விடாதீர்கள். வாசலில் வாளியோடு நிற்பவர், அஞ்சு நிமிஷம் முன்னால் உங்களைச் சிரிக்க வைத்த அதே ஆள்தான். அந்த வாளியில் விழுவதை வைத்துத்தான் அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடும் ரயில் டிக்கெட்டும்!